லேபிளில் எழுதாத ஏழு வருடம்: டெக்கீலாவின் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. நான் டெக்கீலாவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை (வீட்டில் யாராவது படித்தால் இந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்கவும் :-)). ஆனால் ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று தேடிப் போனால், அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் வரலாறே வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அப்படி நான் மாட்டிக்கொண்ட விஷயம் இது.

ஆரம்பித்தது ஒரு வெட்டி வாக்குவாதத்தில். டெக்கீலா கள்ளிச் செடியிலிருந்து வருகிறது என்றான் நண்பன். இல்லை, கற்றாழை என்றேன் நான். தேடிப் பார்த்ததில் இரண்டு பேரும் தோற்றோம். அந்தச் செடியின் பெயர் அகாவே. அது கள்ளியும் இல்லை, நாம் தலைக்குத் தேய்க்கும் சோற்றுக் கற்றாழையும் இல்லை. தாவரவியல்படி தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அகாவேயை நீங்கள் பார்த்ததில்லை என்றும் சொல்ல முடியாது. ரயிலில் போகும்போது தண்டவாள ஓரத்தில், நுனியில் ஊசிபோல் முள்ளோடு, ஆள் உயரத்துக்கு வேலி மாதிரி நிற்குமே ஆனைக் கற்றாழை, அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த ஓர் அகாவே வகைதான். டெக்கீலாவுக்கு உதவுவது அதன் உறவுக்கார செடி, நீல அகாவே.

தேடத் தேட என்னை ஆச்சரியப்படுத்தியது ஒரு சின்னக் கணக்கு. மரப் பீப்பாயில் வைத்துப் பழுக்க வைத்த டெக்கீலா பாட்டிலில் அது எத்தனை காலம் பீப்பாயில் இருந்தது என்பதற்கு ஒரு பெயர் இருக்கும். ஒரு வருடம், மூன்று வருடம் என்று அதற்குச் சட்டமே உண்டு. ஆனால் அந்தச் செடி மண்ணில் நின்ற ஆறேழு வருடங்களுக்கு லேபிளில் இடமே இல்லை. டெக்கீலாவின் வயதில் பெரும்பகுதி பீப்பாயில் கழிவதில்லை, வயலில் கழிகிறது. அந்த எழுதாத வருடங்களை யார் காத்திருந்து கழித்தார்கள், யார் அவசரப்பட்டுக் குறுக்கு வழி தேடினார்கள் என்பதுதான் டெக்கீலாவின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் ஊரின் பெயர்

டெக்கீலா என்பது முதலில் ஓர் ஊர். மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில், குவாதலஹாரா நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடமேற்கே, ஓர் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியின் அகாவே வயல்களையும் பழைய வடிசாலைகளையும் 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கிருந்த மக்கள் அகாவேயைக் கொண்டாடினார்கள். வேறு வகைப் பெரிய அகாவேகளின் நடுவைக் குடைந்து, ஊறும் சாற்றை எடுத்துப் புளிக்க வைத்தால் கிடைப்பது பூல்கே. பாலைப்போல் வெளுத்த பானம். நம் ஊர் கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அகாவேக்கு மாயவேல் என்று ஒரு பெண் தெய்வமே உண்டு. (பெயரைக் கேட்டு முருகனோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், சம்பந்தம் இல்லை :-)). போதைக்கு நானூறு முயல் தெய்வங்கள் இருந்தன. ஒருவனுக்கு எந்த முயல் பிடிக்கிறதோ, அதற்கேற்ப அவன் போதை இருக்குமாம்!

பூல்கே புளித்த பானம். டெக்கீலா காய்ச்சி வடித்த பானம். இந்தக் காய்ச்சும் வித்தை எங்கிருந்து வந்தது? 1521-ல் ஆஸ்டெக் தலைநகரைப் பிடித்த ஸ்பானியர்கள் கொண்டுவந்தது என்பது வழக்கமான பதில். ஆய்வாளர்கள் சிலர் இன்னொரு வழியையும் காட்டுகிறார்கள். 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. அவற்றில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பசிபிக் கரையில் கொலிமா பகுதியில் குடியேறித் தென்னை வைத்தார்கள், கள் இறக்கினார்கள், அதைக் காய்ச்சிச் சாராயமும் வடித்தார்கள். அவர்களுடைய எளிமையான வடிகலனைப் பார்த்துத்தான் உள்ளூர் மக்கள் அகாவேயையும் காய்ச்சக் கற்றார்கள் என்பது அந்தக் கருத்து. இது சரியென்றால், டெக்கீலாவுக்குத் தென்னங்கள் ஒரு வகையில் பெரியப்பா முறை ஆகிறது.

எந்த அகாவேயிலிருந்து வடித்தாலும் அந்தக் காலத்தில் அதற்கு மெஸ்கால் என்றுதான் பெயர். டெக்கீலா ஊரில் வடித்தது டெக்கீலா மெஸ்கால். காஞ்சிபுரம் பட்டு, திருநெல்வேலி அல்வா என்று சொல்வதில்லையா, அதுபோல. பின்னாளில் மெஸ்கால் உதிர்ந்து ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

இரண்டு குடும்பங்கள்

1758-ல் ஹோசே அந்தோனியோ தெ குவெர்வோ என்பவருக்கு டெக்கீலா பக்கத்தில் நிலம் கிடைத்தது, ஸ்பானிய அரசரின் கொடையாக. குவெர்வோ என்றால் ஸ்பானிய மொழியில் காகம். அந்தக் குடும்பம் அகாவே பயிரிட்டு மெஸ்கால் வடித்தது. 1785-ல் மூன்றாம் கார்லோஸ் அரசர் அதற்குத் தடை போட்டார். காரணம் ஒழுக்கம் இல்லை, வியாபாரம். ஸ்பெயினிலிருந்து வரும் ஒயினும் பிராந்தியும் விற்க வேண்டும் அல்லவா? பத்து வருடம் கழித்து, 1795-ல் நான்காம் கார்லோஸ் தடையைத் தளர்த்தி, குவெர்வோ குடும்பத்துக்கு முறையான உரிமம் கொடுத்தார். தடை போட்டால் வரி கிடைக்காது, உரிமம் கொடுத்தால் வரி கிடைக்கும். இந்தப் பாடத்தை எல்லா ஊர் அரசாங்கங்களும் ஏதாவது ஒரு நாள் கற்றுக்கொள்கின்றன!

அடுத்த பெரிய பெயர் செனோபியோ சௌசா. 1873-ல் டெக்கீலாவில் சொந்தமாக வடிசாலை தொடங்கி, சரக்கை அமெரிக்காவுக்கும் அனுப்பினார். பல வகை அகாவேகளில் நீல அகாவேதான் டெக்கீலாவுக்குச் சிறந்தது என்று கண்டு சொன்னவர் அவர்தான் என்கிறார்கள். அந்த வகைக்கு 1902-ல் அறிவியல் பெயர் சூட்டியவர் வெபர் என்ற பிரெஞ்சு மருத்துவர். அதனால்தான் இன்றும் டெக்கீலா பாட்டில்களில் நீல வெபர் அகாவே என்று போடுகிறார்கள்.

1910-ல் மெக்சிகப் புரட்சி வெடித்தது. பல பெரிய பண்ணைகள் சிதறின. ஹாலிஸ்கோவின் கிழக்கே லோஸ் ஆல்தோஸ் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே அரான்தாஸ் ஊர்ப் பக்கம் அகாவே பயிரிட்டு வந்த கமரேனா குடும்பத்தின் பழைய வடிசாலையும் அந்தக் கலவரத்தில் அழிந்தது என்று அந்தக் குடும்பம் சொல்கிறது. வடிசாலை போனாலும் செடியை அவர்கள் விடவில்லை. அகாவேயை வளர்த்து மற்றவர்களுக்கு விற்றுக்கொண்டே இருந்தார்கள். 1937-ல் பெலிப்பே கமரேனா மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தார். அந்த வடிசாலையின் பெயர் லா ஆல்தென்யா. இன்றும் அவருடைய வாரிசுகள்தான் அதை நடத்துகிறார்கள். பேரன் கார்லோஸ் கமரேனா விவசாயப் படிப்பு படித்தவர், டெக்கீலா உலகத்தில் பெரிதும் மதிக்கப்படும் வடிப்பாளர்களில் ஒருவர்.

ஒரு குடும்பம் பழைய முறையில் டெக்கீலாவை எப்படி உருவாக்குகிறது என்பதற்கு லா ஆல்தென்யா நல்ல உதாரணம்.

வாழையடி வாழை

அகாவே தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். வாழை குலை தள்ளியதும் முடிந்துவிடுவது போல. அது மட்டுமல்ல, வாழையைப் போலவே அடியில் பக்கக் கன்றுகளும் விடும். விவசாயிகள் கன்றைப் பெயர்த்து நடுகிறார்கள். அந்தக் கன்றுக்கு ஸ்பானிய மொழியில் இஹுவெலோ என்று பெயர், சின்ன மகன் என்று அர்த்தம். நாம் வாழையடி வாழையாக என்று சொல்வது அங்கே அப்படியே வயலில் நடக்கிறது.

நட்ட கன்று முதிர ஆறிலிருந்து எட்டு வருடம் ஆகும். சில சமயம் இன்னும் கூட. மேட்டுநிலத்தின் குளிரிலும் செம்மண்ணிலும் செடி மெதுவாகத்தான் வளரும். இத்தனை வருடமும் அது சும்மா நிற்பது போலத்தான் தெரியும். உள்ளே சர்க்கரை சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் பூக்க முடிவு செய்தால், சேர்த்த சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே தண்டில் கொட்டிப் பனைபோல் உயர்த்திவிடும். அதற்கு முன்பே விவசாயி அந்தத் தண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் சர்க்கரை அடியிலேயே தங்கும்.

அறுவடை செய்பவர்களுக்கு ஹிமதோர் என்று பெயர். நீளக் கம்பின் முனையில் வட்டமான கூர்த் தகடு பொருத்திய ஒரு கருவிதான் அவர்கள் ஆயுதம். முள் மடல்களை ஒவ்வொன்றாகச் சீவித் தள்ளினால், நடுவில் பெரிய அன்னாசிப்பழம் மாதிரி ஓர் உருண்டை மிஞ்சும். பெயரும் அதுதான், பீன்யா, அதாவது அன்னாசி. ஒன்று 30 முதல் 50 கிலோ வரை, சில அதற்கும் மேல். எந்தச் செடி பழுத்திருக்கிறது, எது இன்னும் ஒரு வருடம் நிற்க வேண்டும் என்று பார்த்தே சொல்லும் கண் அவர்களுக்கு உண்டு. பெரும்பாலும் அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் வேலை. இதைச் சரியாகச் செய்யும் இயந்திரம் இன்னும் வயலுக்கு வரவில்லை.

அடுப்பு, கல், செம்பு

பீன்யாவைப் பிளந்து செங்கல் அடுப்பில் அடுக்கி, நீராவியில் இரண்டு நாள் போல வேக வைக்கிறார்கள். ஏன் வேக வைக்க வேண்டும்? அகாவேயில் இருக்கும் சர்க்கரை சிக்கலான சங்கிலிகளாக இருக்கிறது. ஈஸ்ட்டால் அதை அப்படியே சாப்பிட முடியாது. மெதுவான சூட்டில் சங்கிலி உடைந்து இனிப்பான பழச்சர்க்கரையாகிறது. அடுப்பிலிருந்து வெளியே வரும் அகாவே பழுப்பு நிறத்தில், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி தித்திக்குமாம்.

அடுத்தது நசுக்குவது. லா ஆல்தென்யாவில் அதற்குத் தஹோனா என்ற கல் இன்னும் இருக்கிறது. எரிமலைப் பாறையில் செதுக்கிய, சுமார் இரண்டு டன் எடையுள்ள சக்கரம். வட்டமான பள்ளத்தில் வெந்த அகாவேயைக் கொட்டி, மேலே இந்தக் கல்லை உருட்டுவார்கள். அந்தக் காலத்தில் கோவேறு கழுதை இழுத்தது, இப்போது டிராக்டர். நம் ஊர் செக்கை நினைத்துக்கொண்டால் படம் தெளிவாகிவிடும். உருளை இயந்திரம் நாரைக் கிழித்துச் சாற்றை வேகமாகப் பிழியும். கல் மெதுவாகத்தான் நசுக்கும், கொஞ்சம் சர்க்கரை நாரிலேயே தங்கிவிடும். அதனால் அவர்கள் நாரையும் சாற்றோடு சேர்த்தே மரத் தொட்டியில் புளிக்கப் போடுகிறார்கள்.

புளிக்க வைக்கும் ஈஸ்ட்டும் குடும்பச் சொத்துதான். 1937-லிருந்து அதே ஈஸ்ட்டைத் தொடர்ந்து காப்பாற்றி வருவதாகச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் பாட்டி காலத்து உறைமோர் தொடர்வது போல.

புளித்த சாறு செம்பு வடிகலனில் இரண்டு முறை காய்ச்சப்படுகிறது. முதல் முறையில் வருவது சாதாரணமானது. இரண்டாம் முறையில்தான் கைப்பக்குவம். முதலில் வரும் பகுதிக்குத் தலை என்று பெயர், காட்டமான வேதிப்பொருட்கள் அதில் இருக்கும், ஒதுக்க வேண்டும். கடைசியில் வருவது வால், அதுவும் வேண்டாம். நடுவில் வரும் இதயத்தை மட்டும் எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை வடிப்பவரின் மூக்கும் நாக்கும் முடிவு செய்கின்றன. தோராயமாக ஏழு கிலோ அகாவேக்கு ஒரு லிட்டர் டெக்கீலா. ஏழு வருடம் வளர்ந்த ஒரு 40 கிலோ செடியிலிருந்து ஆறு லிட்டர்கூட முழுசாகத் தேறாது!

பீப்பாயின் பங்கு

இப்போது கிடைத்திருப்பது தண்ணீர்போல் தெளிந்த பிளாங்கோ, அதாவது வெள்ளை. இதை ஓக் மரத்தில் இரண்டு மாதமாவது வைத்தால் ரெப்போசாதோ, ஓய்வெடுத்தது. 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் ஒரு வருடமாவது வைத்தால் ஆன்யெஹோ, வயதானது. மூன்று வருடம் ஆனால் எக்ஸ்ட்ரா ஆன்யெஹோ. இந்தக் கடைசி வகை சட்டத்தில் சேர்ந்தது 2006-ல்தான்.

பீப்பாய் அளவுக்கு ஏன் சட்டம்? சின்னப் பீப்பாயில் சரக்குக்கும் மரத்துக்கும் தொடர்பு அதிகம், பெரிய தொட்டியில் குறைவு. பீப்பாய்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் போர்பன் விஸ்கி வைத்துக் காலியானவை. போர்பனுக்குப் புதிய, உட்பக்கம் கருக்கிய ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்களை விற்றுத்தான் ஆக வேண்டும். அவை எல்லை தாண்டி ஹாலிஸ்கோவுக்கு வருகின்றன. மரம் நிறத்தையும் வெனிலா போன்ற மணத்தையும் கொடுக்கிறது. பதிலுக்கு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் சரக்கு ஆவியாகிக் காணாமல் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அதற்குச் செல்லப் பெயர். குடும்பத்துக்கு அது நஷ்டம்தான்.

விஸ்கிக்கும் டெக்கீலாவுக்கும் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. பார்லி சில மாதங்களில் விளைந்துவிடும், அதனால் விஸ்கியின் வயது முழுக்கப் பீப்பாய் வயது. அகாவேயோ மரத்தைத் தொடுவதற்கு முன்பே கிழவனாகி வருகிறது. அதிக நாள் பீப்பாயில் வைத்தால் மரத்தின் குரல்தான் கேட்கும், செடியின் குரல் அமுங்கிவிடும். நல்ல ஆன்யெஹோ வடிப்பவர்களின் கவலை, பீப்பாயை எப்போது நிறுத்துவது என்பதுதான்.

பழைய குடும்பங்களில் இப்படிப் பழுத்த சரக்கை விற்காமல் வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. குவெர்வோ குடும்பம் அப்படி வைத்திருந்ததைத்தான், உரிமம் பெற்ற 200-வது ஆண்டான 1995-ல், குடும்பத்தின் சேமிப்பு என்ற பொருள்படும் ரிசர்வா தெ லா பமிலியா என்ற பெயரில் வெளியே விற்க ஆரம்பித்தது.

அவசரத்தின் விலை

காத்திருப்பது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாங்குபவர்கள் வரிசையில் நிற்கும்போது ஏழு வருடம் யார் காத்திருப்பார்கள்? அகாவே போதாத காலங்களில் விதியை வளைத்தார்கள். 1964-ல் 30 சதவீதம் வரை வேறு சர்க்கரை, அதாவது கரும்புச் சர்க்கரை போன்றவை கலக்கலாம் என்றானது. 1970-ல் அது 49 சதவீதம் ஆனது. 51 சதவீதம் அகாவே இருந்தால் போதும், அது டெக்கீலா! உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் சரக்கு என்று டெக்கீலாவுக்கு வெளிநாட்டில் பெயர் வந்ததில் இந்தக் கலப்புக்கும் பங்கு உண்டு. நான்கு வருடம் கழித்து, 1974-ல், டெக்கீலா என்ற பெயர் மெக்சிகோவுக்கு மட்டுமே உரியது என்று புவிசார் பாதுகாப்பு கொடுத்தார்கள். பெயருக்குப் பூட்டுப் போட்டார்கள், ஆனால் பாதிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போட்டார்கள்.

இரண்டாவது அவசரம் வயலில். எல்லாரும் பக்கக் கன்றையே நட்டதால், லட்சக்கணக்கான செடிகள் ஒன்றுக்கொன்று நகல்கள். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். 1990களின் கடைசியில் அதுதான் நடந்தது. பூஞ்சையும் பாக்டீரியாவும் அகாவே வயல்களை அழுக வைத்தன. 1997 டிசம்பரில் குவாதலஹாராவில் பனிகூடப் பெய்தது. தட்டுப்பாட்டில் அகாவே விலை பல மடங்கு ஏறியது.

விலை ஏறினால் எல்லாரும் நடுவார்கள். ஏழு வருடம் கழித்து எல்லாருடைய செடியும் ஒன்றாக முதிரும், விலை விழும். விழுந்ததும் யாரும் நட மாட்டார்கள், மறுபடி தட்டுப்பாடு. நம் ஊரில் தக்காளி விவசாயி மூன்று மாதத்தில் படும் பாட்டை அகாவே விவசாயி ஏழு வருடத்தில் படுகிறார். 2020களின் தொடக்கத்தில் கிலோ 30 பேசோ அளவுக்குப் போன விலை, 2024-ல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. விலை உச்சத்தில் கடன் வாங்கிக் கன்று நட்ட சிறு விவசாயிக்கு, செடி பழுக்கும்போது வெட்டுக் கூலிகூடத் தேறாத நிலை. இந்த ஏற்ற இறக்கத்தில் அதிகம் அடிபடுவது அவர்தான்.

மூன்றாவது அவசரம் இயந்திரத்தில். டிஃப்யூசர் என்று ஒன்று உண்டு. அகாவேயைப் பச்சையாகவே துருவி, வெந்நீரைப் பாய்ச்சி, சர்க்கரையை ஏறக்குறைய முழுதாக உருவிவிடும். அடுப்பும் வேண்டாம், கல்லும் வேண்டாம், செடி முழுசாகப் பழுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அப்படி வடித்ததையும் பீப்பாயில் ஒரு வருடம் வைத்தால் அதுவும் ஆன்யெஹோதான். போதாக்குறைக்கு, பழுக்க வைத்த வகைகளில் ஒரு சதவீதம் வரை கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு சேர்ப்பதற்கு விதி இடம் கொடுக்கிறது. லேபிளில் சொல்ல வேண்டியதும் இல்லை. லேபிளில் இருக்கும் வயது பொய் இல்லை. ஆனால் அந்த வயதைப் பார்த்து நாம் என்ன கற்பனை செய்துகொள்கிறோமோ, அது பொய்யாக இருக்கலாம்.

குடும்பம் என்றால் யார்?

இதைப் படித்துவிட்டு, குடும்பம் நல்லது, கம்பெனி கெட்டது என்று முடித்துவிடாதீர்கள். அவ்வளவு சுலபமில்லை. உலகத்தின் மிகப் பெரிய டெக்கீலா நிறுவனமான குவெர்வோ இன்றும் ஒரு குடும்பத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. 2017-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. கமரேனா குடும்பம் வடிக்கும் எல் தெசோரோ என்ற பெயரின் உரிமை பெரிய நிறுவனமான சன்டோரியிடம் இருக்கிறது. அவர்களுடைய தபத்தியோ என்ற பெயர் மட்டும் குடும்பத்திடம். பெரிய பணம் வந்தபோது விற்றுவிட்ட குடும்பங்களும் உண்டு. ஹெர்ராதுராவை வைத்திருந்த ரோமோ குடும்பம் 2007-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் விற்றது. சௌசா குடும்பம் 1976-லேயே விற்றுவிட்டது.

சௌசா கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. பெரிய கம்பெனி கைமாறினாலும், டெக்கீலா ஊரில் ஒரு சின்னப் பழைய வடிசாலை குடும்பத்திடமே தங்கியது. கொஞ்ச காலம் அது அருங்காட்சியகம். செனோபியோவிலிருந்து ஐந்தாம் தலைமுறையான கியெர்மோ சௌசா அந்தக் காட்சிப் பொருளையே மறுபடி வேலைக்கு எழுப்பினார். அதே கல், அதே அடுப்பு, அதே செம்பு. 2005-ல் பாட்டில்கள் கடைக்கு வந்தன. மெக்சிகோவில் முதலில் வைத்த பெயர் லோஸ் அபுவெலோஸ், தாத்தாக்கள் என்று பொருள். வெளிநாட்டில் போர்த்தலேசா. தாத்தா விற்ற தொழிலைப் பேரன் தாத்தாக்களின் பெயரிலேயே திரும்பத் தொடங்கியது சினிமாக் கதை மாதிரி இருக்கிறது அல்லவா?

கமரேனா பக்கத்தில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயங்கள். முதலாவது வௌவால். அகாவே பூ இரவில் திறக்கும், நீளமூக்கு வௌவால்தான் தேன் குடித்து மகரந்தம் சேர்க்கும். பூத்தண்டை எல்லாம் வெட்டிவிட்டால் வௌவாலுக்கு உணவில்லை, செடிக்குப் புதிய விதையும் இல்லை. ரொட்ரிகோ மெடெயின் என்ற மெக்சிக விஞ்ஞானி வயலில் ஐந்து சதவீதச் செடிகளையாவது பூக்க விடுங்கள் என்று கேட்டார். கேட்டுச் செய்தவர்களில் கார்லோஸ் கமரேனாவும் ஒருவர். 2016-ல் வௌவாலுக்கு நட்பான டெக்கீலா என்ற முத்திரையோடு முதல் பாட்டில்கள் வந்தன. யோசித்துப் பாருங்கள், பூக்க விட்ட செடி செத்துப்போகும், அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட விற்க முடியாது. ஏழு வருட உழைப்பில் இருபதில் ஒரு பங்கை வௌவாலுக்குக் கொடுப்பது என்றால், அதன் பலன் தனக்கு இல்லை, தனக்குப் பின்னால் நடப்போகிறவனுக்கு என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, 2008-ல் அவர் டோமஸ் எஸ்தெஸ் என்பவரோடு சேர்ந்து தொடங்கிய ஓச்சோ டெக்கீலா. அதன் லேபிளில் எந்த வயலின் அகாவே, எந்த வருட அறுவடை என்று அச்சடித்தார்கள். வயலின் பெயர் கடைசியில் பாட்டிலில் ஏறிவிட்டது. அந்த அறுவடைக்கு முன்னால் இருக்கும் வருடங்களை மட்டும் நாம்தான் பின்னோக்கி எண்ணிக்கொள்ள வேண்டும்.

எண்ணிப் பார்த்தேன். இன்று ஒருவர் திறக்கும் மூன்று வருட எக்ஸ்ட்ரா ஆன்யெஹோவின் செடி, என் வகுப்பில் இருக்கும் நாங்கள் எல்லாரும் நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் நடப்பட்டது. நட்டவருக்குப் பத்து வருடம் கழித்து அகாவே என்ன விலை போகும் என்று தெரியாது, தான் இருப்போமா என்றுகூடத் தெரியாது. தெரியாமல்தான் நட்டார். கோபுரத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் அரசன் பெயரைச் சொல்லி, கல் சுமந்தவனை விட்டுவிடுகிறோம் என்று வரலாற்று வகுப்பில் அடிக்கடி பேசுவோம். பாட்டிலில் பீப்பாயின் பெயர் மட்டும் இருப்பதும் அந்தப் பழக்கம்தான்.

நண்பனோடு போட்ட பந்தயம் என்னவானது என்று கேட்பவர்களுக்கு: கள்ளியும் இல்லை, கற்றாழையும் இல்லை என்பதால் இருவரும் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டோம். டீக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்போலத் தெரிகிறது. பார்ப்போம் :-)